உப்புப் பூத்த கழுத்து

பெற்ற பிள்ளையைக் கொல்லப் பார்த்தவள் என்று என் நாத்தனார் அருள்ஜோதி புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் ஃபோன் போட்டுச் சொல்கிறாளாம். சொல்லட்டும். அவள் வாயை யார் மூட முடியும்? நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் என்னைத் திட்டுங்கள்.

என் பெயர் உபகாரமேரி. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். மண் கூழை அச்சில் ஊற்றுவது, காய்ந்ததும் பிரித்தெடுப்பது, ஈரத்துணியால் துடைத்து நகாசு பார்ப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் அதே கம்பெனியில் சூளை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே பிள்ளை ஜூடு. இருபத்துமூன்று வயது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுப்பான்.

பிறந்ததிலிருந்து அவனுக்கு இருமல். டிபி என்று சொல்லி இரண்டு தடவை ஆறாறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். தெருவில் எவளும் அவள் பிள்ளையை எங்கள் வீட்டுப் பக்கம் விடமாட்டாள். இந்த வருஷம் தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவன் வியர்வையை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு டிபியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸாம். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே ஒரு மாதம் ஆனது. பிறவியிலேயே வருவதாம். நுரையீரலில் சளி கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டு வெளியே வராதாம். அதைத் தீர்க்க எங்களுக்குக் கிடைக்கிற மருந்து கிடையாது, ஆனால் இருக்கிற நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எப்படி என்று கேட்டேன். தினமும் உடற்பயிற்சி செய்யச் சொன்னார். மூச்சே விட முடியாத பிள்ளையை ஓடச் சொல்கிறானே, இவன் படித்தவன்தானா என்று மனசுக்குள் திட்டினேன்.

பயிற்சி சொல்லிக்கொடுத்தது சிவசங்கரி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் பிள்ளையைவிட நாலு வயது கூட இருக்கலாம். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, ஆனால் பேச்சு கறார்.

"மருந்து பாதி, பயிற்சி பாதிங்கம்மா. ஓடுனா மூச்சு வாங்கும், மூச்சு வாங்குனா சளி இளகும், அதை இருமித் துப்பணும். வாரத்துக்கு அஞ்சு நாள், அரை மணி நேரம். படி ஏறணும், உக்காந்து எழுந்திரிக்கணும், இந்த ரப்பர் பட்டையை இழுக்கணும். விரல்ல இந்த கிளிப்பை மாட்டிப் பாருங்க, ஆக்சிஜன் அளவு காட்டும், தொண்ணூறுக்குக் கீழ இறங்குச்சுன்னா உடனே நிறுத்திடுங்க. வெயில்ல மட்டும் வேண்டாங்கம்மா. அப்புறம் உப்பு. இவங்களுக்கு வேர்வையில உப்பு ரொம்பப் போகும். ஒரு லிட்டர் தண்ணியில அரை ஸ்பூன் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சம்பழம். பயிற்சிக்கு முன்னாடி, பின்னாடி கட்டாயம் குடிக்கணும்."

அன்றைக்கே அவனை ஆறு நிமிஷம் வராந்தாவில் நடக்கவிட்டு அளந்தார்கள். முந்நூற்று இருபது மீட்டர். நுரையீரல் நாற்பத்தொரு சதவீதம்தான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். "மூணு மாசம் பாக்கலாம். மே மாசம் வாங்க. நம்பர் ஏறுச்சுன்னா நல்லது. இறங்கிப்போச்சுன்னா வூட்லயே ஆக்சிஜன் சிலிண்டர் வைக்க வேண்டியிருக்கும். அதுக்கு மேல போனா என்கிட்ட பதில் இல்லம்மா."

இது பிப்ரவரியில். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. என் பிள்ளை மூக்கில் குழாயோடு கட்டிலில் கிடக்கக் கூடாது. மே மாதம் நம்பர் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுவேன். ரயில் ஜங்ஷன் நடைமேம்பாலத்துக்கு வண்டியில் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே படி நிறைய இருக்கிறது. எட்டு மணிக்கு எனக்கு வேலை, அதற்குள் அவன் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். நான் கீழே குத்துக்கல்லாட்டம் நின்று எண்ணுவேன். ஆறாவது தடவையிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான்.

"என்னாடா, பொணம் நடக்கிற மாதிரி நடக்கிற? அங்க பாரு, தலையில மூட்டையோட கெழவி ஏறுது. உனுக்கு வெக்கமா இல்ல?"

"மூச்சு வாங்குதும்மா."

"வாங்கட்டும். வாங்கணும்னுதான டாக்டரு சொன்னாரு? ஏறு!"

விரலில் கிளிப்பை நான்தான் மாட்டுவேன். நம்பர் என் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொள்வேன். எண்பத்தெட்டு என்று காட்டினால் தொண்ணூற்றிரண்டு என்று சொல்லுவேன். நம்பரைச் சொன்னால் உட்கார்ந்துவிடுவானே! பத்து முடிக்காமல் வீட்டுக்கு வந்தால் இட்லியைத் தட்டில் போட்டு எதிரே வைத்துவிட்டு, வாசல் படியில் மிச்சத்தை ஏறி இறங்கச் சொல்லுவேன். அவன் அழுதுகொண்டே ஏறுவான். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உடு மேரி, பச்சப்புள்ளையாட்டம் அழுவுறான்" என்பார். "நீங்க பேசாதீங்க. நீங்க செல்லம் குடுத்துதான் இப்படி நோஞ்சானா நிக்கிறான்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மார்ச் முடிவதற்குள் அவன் பத்தை முடிக்க ஆரம்பித்துவிட்டான். கெட்டியாகப் பச்சைச் சளி வெளியே வந்தது. ராத்திரி இருமாமல் தூங்கினான். வாரத்துக்கு ஒரு தடவை சிவசங்கரி வீடியோவில் வந்து பார்ப்பாள். "சூப்பர் ஜூடு" என்பாள். அவன் முகம் மலர்ந்துபோகும். என்னைப் பார்த்து என்றைக்காவது அப்படிச் சிரித்திருக்கிறானா என்று எனக்கு வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது. போகட்டும், பிள்ளை தேறுகிறானே.

ஏப்ரலில் வெயில் ஏறியது. ஒரு நாள் படி இறங்கி வந்தவனின் கழுத்தைத் துண்டால் துடைக்கப் போனேன். கழுத்து ஓரம், காதோரம், மூக்கு நுனி எல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் பொரபொரவென்று உதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் பதறிப்போய்விட்டது.

ஏன் பதறினேன் என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் கம்பெனியில் ஒரு வருஷம் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது. அந்தத் தண்ணீரில் கரைத்த மண்ணில் பொம்மை ஊற்றினால், காயும்போது உள்ளே இருக்கிற உப்பு வெளியே வந்து விளிம்பெல்லாம் பூத்துவிடும். முதலில் கழுத்து ஓரம், அப்புறம் காது, மூக்கு நுனி. அச்சு அசலாக அதே இடம். அப்படிப் பூத்த பொம்மையைச் சூளையில் வைத்தால் மேல்பூச்சு ஒட்டாது, செதில் செதிலாக உரிந்து வரும். எத்தனை துடைத்தாலும் மறுபடியும் பூக்கும். ஏனென்றால் கோளாறு மேலே இல்லை, மண்ணுக்குள்ளே இருக்கிறது. கடைசியில் முதலாளி லாரியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து மண்ணைக் கரைக்கச் சொன்னார். அடுத்த நடையே பொம்மை பளிங்கு மாதிரி வந்தது. இதை எனக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை. இந்தக் கையால் ஆயிரம் பொம்மையைத் துடைத்துக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அப்போது என் பிள்ளைக்கு என்ன வியாதி? வியர்வையில் உப்பு அதிகம். வியர்வையை எடுத்துப் பார்த்துத்தானே கண்டுபிடித்தார்கள்? உள்ளே உப்பு அதிகமாக இருக்கப்போய்த்தானே வெளியே பூக்கிறது? அதற்கு மேலே இன்னும் உப்பைக் கரைத்துக் கொடு என்கிறாளே, இந்தப் பெண்ணுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்! யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். அதை மட்டும் மறைக்க மாட்டேன்.

முதலில் அரை ஸ்பூனைக் கால் ஸ்பூனாக்கினேன். அப்புறம் ஒரு சிட்டிகை. ஏப்ரல் கடைசியில் வெறும் எலுமிச்சம்பழமும் சர்க்கரையும்தான். சாப்பாட்டிலும் அப்படியே. குழம்பில் உப்புப் போடுவதற்கு முன்னாலேயே அவன் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் அவன் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

"எம்மா, குழம்புல உப்பே இல்லையே?"

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்குது. நீ திங்கிற மாத்திரைக்கு உன் நாக்கு செத்துப்போச்சுடா. ருசி தெரியல உனுக்கு."

நம்பிவிட்டான். அவன் முகம் சுண்டிப்போனது எனக்கு இப்போதும் தெரிகிறது. "நாக்கும் போச்சா" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அவனுக்கு மீன் குழம்பு என்றால் உயிர். அதற்கப்புறம் மீன் குழம்பு வைக்கச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டான். வீடியோவில் சிவசங்கரி, "உப்புத் தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்கும்போது, "குடிக்கிறேன் மேடம்" என்பான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

கழுத்தில் வெள்ளை குறைந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. நிஜமாகவே குறைந்ததா, என் கண்ணுக்கு அப்படிப் பட்டதா, இப்போது சொல்லத் தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். பெரிய டாக்டர்களுக்குத் தெரியாதது மண் கூழ் ஊற்றுகிறவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு திமிரே வந்துவிட்டது.

மே மாதம் பிறந்ததிலிருந்து அவன் தளர ஆரம்பித்தான். பத்துத் தடவை ஏறினவன் ஏழு, ஆறு, அப்புறம் ஐந்து என்று குறைந்தான். தலை வலிக்குது என்றான். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுது என்றான். புதுச்சேரி டெஸ்டுக்கு மூன்று நாள்தான் இருந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. மூன்று மாதம் பட்ட பாடு அத்தனையும் இந்தச் சோம்பேறியால் பாழாகப்போகிறதே என்று ஆத்திரம்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக மேம்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பதரை மணி. கத்திரி வெயில் சுள்ளென்று அடித்தது.

"வெயில்ல வேணாம்னு மேடம் சொல்லியிருக்காங்கம்மா."

"மேடம் மேடம்னு அவள கட்டிகிட்டு அழு. காலைல எழுந்திரிக்க மாட்டன்னுட்ட இல்ல? இப்ப ஏறு."

நாலு தடவை ஏறி இறங்கினான். ஐந்தாவதில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். "கெண்டைக்கால புடிச்சி இழுக்குதும்மா. கண்ணு மங்குது" என்றான். வாய் குழறியது. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். சின்ன வயதில் ஸ்கூலுக்குப் போகாமலிருக்க வயிற்றைப் பிடித்துக்கொள்வானே, அந்த நினைப்பு. மேலே போய் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினேன். ரயிலுக்குப் போகிற ஜனமெல்லாம் ஒதுங்கி நின்று பார்த்தது. ஓங்கி ஒரு அறை விட்டேன். இருபத்துமூன்று வயதுப் பிள்ளையை, அத்தனை பேர் முன்னால்.

"சாவுறதுன்னா ஏறிட்டு சாவு!"

ஐயோ, இந்த வாய். இந்த வாயால்தான் சொன்னேன்.

அவன் ஏறினான். அறைக்குப் பயந்து ஐந்து படி ஏறினான். ஆறாவது படியில் கால் வைக்கவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்து என் மேலேயே விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. நான் கத்திய கத்தலில் ஸ்டேஷனே ஓடி வந்தது. யாரோ ஆட்டோவில் ஏற்றினார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, 108-இல் போட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது.

ரத்தத்தில் உப்பு படுமோசமாக இறங்கிக் கிடக்கிறதாம். "இந்த அளவுல உயிரோட வந்ததே பெருசு" என்றார் டாக்டர். "உப்பு ஒழுங்கா குடுத்தீங்களாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அருள்ஜோதி. "தினமும் போட்டுத்தான் குடுத்தேன் சார்" என்றேன்.

பொய்தான். அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது. அதை நம்பி அவர்கள் வேறு கோளாறு தேட ஆரம்பித்தார்கள். இவ்வளவு உப்பு எடுத்தும் இப்படி இறங்குகிறதென்றால் சிறுநீரகமாக இருக்குமோ, மூளையில் ஏதாவது இருக்குமோ என்று ரத்தம் ரத்தமாக உறிஞ்சினார்கள். ஸ்கேனுக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போய், தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஊசி குத்தக் குத்த நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தான். இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. உப்பை ஏற்ற ஏற்ற அவன் கண் தெளிந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்போதும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள், டெஸ்ட் வைத்திருந்த அதே நாள், சிவசங்கரி வந்து கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் உங்கள திட்ட வரல. முதுகுத்தண்டுல ஊசி போட்டு ஒரு டெஸ்ட் எடுக்கப்போறாங்க. அது தேவைதானான்னு எனக்குத் தெரியணும். நெஜமா எவ்ளோ உப்புப் போட்டீங்க?"

முதுகுத்தண்டு என்றதும் என் பிடி விட்டுப்போனது. எல்லாவற்றையும் சொன்னேன். பொம்மை, போர் தண்ணீர், கழுத்தில் பூத்தது எல்லாம். "நீங்க மண்ணு பாத்ததில்லம்மா. உள்ள இருந்தாத்தான் வெளிய பூக்கும். அதான் நிறுத்துனேன்" என்றேன். சொல்லும்போதுகூட எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அவள் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. "அவர் உடம்புக்கு உப்பைப் பிடிச்சு வெச்சுக்கத் தெரியாதும்மா. உள்ள அதிகமா இருந்து வழியல. இருக்கிறதெல்லாம் ஒழுகிப்போகுது. ஒழுகுற பாத்திரத்துல ஊத்திகிட்டே இருக்கணும். நீங்க ஊத்துறத நிறுத்திட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினாள்.

அவன் தூங்கவில்லை. கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான், அழுவான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப என் நாக்கு நல்லாத்தான் இருந்துச்சாம்மா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு, இருபத்தைந்து வருஷத்தில் என்னை எதிர்த்துப் பேசாத மனுஷன் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பையன் இனிமே எங்க அக்கா வூட்ல இருக்கட்டும். ஆஸ்பத்திரியும் பக்கம்." அருள்ஜோதி ஏற்கனவே அவன் துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். நான் ஜூடைப் பார்த்தேன். அம்மாகூடவே போறேன் என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று பார்த்தேன். அவன் அத்தை பின்னால் ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

இங்கே வந்து நான் ஒரு நாள் லீவு போடவில்லை. அச்சில் ஊற்றுகிறேன், பிரிக்கிறேன், துடைக்கிறேன். ராப்பகலாக அவன் நினைப்புதான், அதை யாரிடம் சொல்வது? என் ஃபோனை அவன் எடுக்கமாட்டான். அப்பாவிடம் மட்டும் பேசுவான். அவர் பேசி முடித்ததும் நான் அவர் வாயையே பார்ப்பேன். ஜூலையில் நானூற்றுப் பத்து மீட்டர் என்றார். செப்டம்பரில் நானூற்று எழுபது. நுரையீரலும் நாற்பத்தாறுக்கு ஏறிவிட்டதாம். அத்தை கையால் சாப்பிட்டு இரண்டு கிலோ எடை கூடியிருக்கிறானாம். காலையில் பீச் ரோட்டில் ஓடவே ஓடுகிறானாம்.

ஓடுகிறானா! என் பிள்ளை ஓடுகிறானா! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்து, விடிந்ததும் பீச் ரோட்டுக்குப் போனேன்.

தூரத்திலேயே தெரிந்துவிட்டது. நீல பனியன், தோள் அகன்றிருந்தது. கையை வீசிக்கொண்டு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. நின்றது எங்கே தெரியுமா? என்னைப் பார்த்ததும்தான். நடுரோட்டில் அப்படியே நின்றான். கை தானாக விரலுக்குப் போய்க் கிளிப்பைத் தேடியது. இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான். நான் கிட்டே போனேன். ஒரு கையை நீட்டி, வராதே என்கிற மாதிரி காட்டினான்.

"எப்ப வந்த?"

"இப்பதாண்டா. நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீ பாட்டுக்கு ஓடு. நான் ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிடுறேன். எண்ணக்கூட மாட்டேன்."

அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ரொம்ப நிதானமாக, வெளி ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினான்.

"நீ பாத்தா என்னால ஓட முடியலம்மா. நின்னுடுறேன். நிக்காம இன்னும் பதினஞ்சு நிமிஷம் ஓடணும். நீ போயிட்டன்னு தெரிஞ்சாத்தான் நான் கிளம்ப முடியும்."

சரிப்பா என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் பின்னால் அவன் ஷூ சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, அப்புறம் சீராக. என் பிள்ளை ஓடுகிறதை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவான்.